ஐரோப்பா நிரப்பிய பதிவேடு

அவ்வப்போது காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, மூட்டுவீக்கம். சோதித்தால் கிருமி எதுவும் அகப்படாது. இரண்டு மூன்று நாளில் தானாகவே தணிந்துவிடும். குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் எனும் தன்னழற்சி நோய் இப்படித்தான் வந்து போகும். மத்தியதரைக்கடல் பகுதிக்கு வெளியே, ஒரு மருத்துவர் தம் பணிக்காலத்தில் இத்தகைய நோயாளிகள் இருவரையோ மூவரையோ பார்த்தாலே பெரிது. ஆகவே பலரது அனுபவத்தையும் ஓரிடத்தில் சேர்க்கும் இணையப் பதிவேடுகளுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு.

இந்நோய்க்குரிய மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. அதில் காணப்படும் திரிபுகளைத் தொகுக்கும் ‘இன்ஃபீவர்ஸ்’ தரவுத்தளத்தைப் பிரான்சின் மோன்பெலியே நகரத்து ஆய்வாளர்கள் சில ஆண்டுகளில் தொடங்கினார்கள். யாரும் திறந்து பார்க்கலாம். தன்னழற்சி நோயாளிகளின் விவரங்களைத் திரட்டும் ‘யூரோஃபீவர்’ பதிவேடு தொடங்கிய ஒன்றரை ஆண்டில் 31 நாடுகளின் 67 மையங்களிலிருந்து 1,880 பேரைச் சேர்த்தது. எண்ணிக்கையைவிட அதனால் விளைந்த தெளிவே முக்கியம். ட்ராப்ஸ் என்ற மற்றொரு தன்னழற்சி நோயில், ஆர்92கியூ திரிபு உள்ளவர்களுக்கு நோய் மற்றவர்களைவிட லேசாகவே இருக்கிறது என்பது 158 நோயாளிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது துலங்கியது. தனித்தனி நோயாளி அறிக்கைகளில் இது கிடைத்திருக்காது. இதழ்களில் அச்சேறுவது பெரும்பாலும் விசித்திரமான நோயாளிகளின் கதைதானே. 2019இல் வெளிவந்த, இந்நோய்களுக்கான வகைப்பாட்டு விதிகளும் இந்தப் பதிவேட்டின் தரவிலிருந்தே உருவாயின.

குறையும் இதே வேரில்தான் இருக்கிறது. நோயுற்றவரின் மரபணுவைச் சோதித்து, கண்டதைப் பட்டியலில் சேர்த்தால், பட்டியலில் இருப்பதெல்லாம் குற்றவாளியாகத் தெரியும். குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் மரபணுவின் இ148கியூ திரிபு அப்படிச் சிக்கியதுதான். தெற்காசியரிடையே நோயே இல்லாதவர்களிடமும் அது மிகச் சாதாரணம், ஜப்பானியரிடமும் அப்படியே. ஓயாத காய்ச்சலுள்ள ஓர் இந்தியக் குழந்தையின் பரிசோதனை அறிக்கையில் அது வந்தால், பெற்றோர் இணையத்தில் தேடுவார்கள். நோயின் பெயர் உடனே கிடைத்துவிடும். அதை நம்பி அந்நோய்க்கான கோல்சிசின் மருந்தைத் தொடங்கிவிட்டு, உண்மையான காரணத்தைத் தேடாமல் விடும் அபாயம் சிறியதல்ல. 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் இத்தகைய நோய்களுக்குரிய நான்கு மரபணுக்களின் எண்ணூறுக்கும் மேற்பட்ட திரிபுகளை மறுபடி தரம்பிரித்தார்கள். அந்தத் தரத்தை இன்ஃபீவர்ஸும் காட்டுகிறது. தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் பாராட்டத்தக்கது. இருந்தும் இ148கியூ பற்றிய வாதம் ஓயவில்லை.

இன்னொரு தொல்லை உழைப்பு சம்பந்தப்பட்டது. புறநோயாளிகள் கூட்டம் கலைந்தபின், ஊதியமில்லாமல் மருத்துவர்கள் நிரப்பும் படிவங்கள் இவை. முதல் வருகை முழுமையாகப் பதிவாகும்; ஐந்தாம் ஆண்டு நிலவரம் காலியாகக் கிடக்கும். மருந்து நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தும் பதிவேடுகளில் இந்த இடைவெளி குறைவு. ஆனால் அங்கே நிறுவனத்தின் மருந்தை உட்கொள்பவர்களே பதிவாகிறார்கள். மருந்து கிடைக்காதவரின் நோய் எப்படிப் போகிறது என்பது தெரியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அரிய நோய்களுக்குத் தேசியப் பதிவேடு நடத்துகிறது. ஜீனோம்இந்தியா திட்டம் பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. முன்னது நோயாளியைச் சொல்லும், பின்னது பொதுமக்களிடையே ஒரு திரிபு எவ்வளவு பரவலானது என்று சொல்லும். நம் ஆய்வகங்கள் தரும் அறிக்கையில் திரிபின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த இந்திய விகிதத்தையும் அச்சிட வேண்டும். செலவும் அதிகமில்லை.