சுயமுகவரி உறை போன பிறகு

பத்திரிகைக்குக் கதை அனுப்புவதற்கு ஒரு காலத்தில் ஒரு முறை இருந்தது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையையும் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். தேறாத கதை அந்த உறையிலேயே திரும்பி வரும். இன்று யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை மின்னஞ்சலில் இணைத்தால் வேலை முடிந்தது. வசதிதான். ஆனால் அந்த உறையோடு ஆசிரியரின் பதிலும் காணாமல் போனது.

முதலில் வரவைப் பார்ப்போம். 1999-இல் திண்ணை, அடுத்த ஆண்டு கனடாவிலிருந்து வ.ந.கிரிதரனின் பதிவுகள் என இணைய இதழ்கள் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பிய கவிதை இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. 2009-இல் சொல்வனம் வந்தது. மலேசியாவில் ம.நவீனின் வல்லினம் அச்சிலிருந்து இணையத்துக்கு மாறியது. டொரன்டோவில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரரும் கோலாலம்பூர் ஆசிரியரும் கோவில்பட்டி இளைஞரும் ஒரே இதழில் அடுத்தடுத்து இடம்பெறுவது இப்போது செய்தியே அல்ல. அச்சிதழின் பக்கக் கணக்குக்குள் அடங்காத நெடுங்கதைக்கும், அரைப் பக்கம்கூட வராத குறுங்கதைக்கும் இங்கே சமமாக இடம் கிடைக்கிறது.

குறை, அனுப்பிய மறுநாளே தொடங்குகிறது. ‘வேறெங்கும் வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும்’ என்பது ஏறக்குறைய எல்லா இதழ்களும் விதிக்கும் நிபந்தனை. சில இதழ்கள் முகநூலில் போட்டதையும் வெளிவந்ததாகவே கொள்கின்றன. விதியில் தவறில்லை. ஆனால் எத்தனை நாளில் முடிவு தெரியும் என்று சொல்லாமல் இந்த விதியை மட்டும் வைத்தால், கதை எங்கும் போக முடியாமல் முடங்குகிறது. பொறுமை இழந்தவர் வேறு இதழுக்கு அனுப்ப, இரண்டிலும் வெளியாகி மனக்கசப்பு வருகிறது. ஆங்கிலச் சிற்றிதழ்கள் பல இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம், ஓரிடத்தில் ஏற்கப்பட்டால் மற்றவர்களுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். நம் இதழ்களும் இதைத் தாராளமாகப் பின்பற்றலாம்.

இதைவிடப் பெரிய குறை, செப்பனிடும் வேலை சுருங்கியது. ஒரு குறுங்கதையை எண்ணிப் பாருங்கள். தாய் இரவில் இரண்டு தட்டு வைக்கிறாள், ஒன்றில் மட்டும் சோறு போடுகிறாள், மற்றதைக் கழுவிக் கவிழ்க்கிறாள். கதை அங்கேயே முடிந்துவிட்டது. எழுதியவரோ பதறிப்போய், ‘மகன் இறந்து மூன்று வருடம் ஆகிறது’ என்று ஒரு வரி சேர்க்கிறார். நல்ல ஆசிரியர் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, ஏன் என்று இரண்டு வாக்கியம் எழுதுவார். புதிதாக எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இன்று வரும் கதைகளில் பல, அந்தக் கடைசி வரியோடும் குரல்வழித் தட்டச்சில் விழுந்த ஒற்றுப் பிழைகளோடும் அப்படியே ஏறுகின்றன. கவிதையின் நிலை இன்னும் மோசம். கைப்பேசித் திரையில் நீண்ட அடி தானாக மடிந்து விழ, கவிஞர் உடைத்த இடம் எது, திரை உடைத்த இடம் எது என்று வாசகருக்குத் தெரிவதில்லை.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் கைக்காசு போட்டு இதழ் நடத்துகிறவர்கள். எழுதுகிறவருக்குச் சன்மானம் இல்லை, படித்துத் தேர்ந்தெடுக்கிறவருக்கும் இல்லை. அனுப்புவது சுலபமானதால் வந்து குவிவதும் கூடிவிட்டது. இதழை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் ஒரே கடிதத்தைப் பத்து முகவரிக்குத் தட்டிவிடுகிறவர்களும் இந்தச் சுமைக்குப் பொறுப்பு.

இணையத்தில் ஏறியது அழியாது என்ற நம்பிக்கையும் பொய். தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் பல வருட இதழ்கள் மொத்தமாக மறைந்துவிடக்கூடும். நின்றுபோன அச்சிதழின் பிரதி யாராவது ஒருவரின் பரணிலாவது கிடைக்கும். நின்றுபோன தளத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

கூட்டிக் கழித்தால் வரவே அதிகம். ஆகவே இந்த முறையை ஒதுக்க வேண்டியதில்லை, ஒழுங்குபடுத்தினால் போதும். ஆசிரியர்கள் முடிவு சொல்லும் காலக்கெடுவை அறிவிக்கட்டும். இயலாவிட்டால், ‘இத்தனை வாரத்தில் பதில் இல்லையேல் வேறிடம் அனுப்பலாம்’ என்றாவது எழுதட்டும். மாதம் ஒரு புதியவரின் கதையையாவது வரிவரியாகத் திருத்தித் தரட்டும். எழுதுகிறவர்கள், அனுப்புமுன் அந்த இதழின் மூன்று இதழ்களையாவது படியுங்கள். எழுதியதை ஒரு வாரம் ஆறப்போட்டு மறுபடி பாருங்கள். வெளியானதும் ஒரு பிரதியை உங்களிடம் சேமித்து வையுங்கள்.