கதை சொல்லும் போர்வைகள்

பிறநாட்டுக் கலையைக் கண்டு ஊக்கம் பெறுவது வேறு. அதனைப் பார்த்து எழுதுவது வேறு. கண்டவற்றையெல்லாம் தம் படைப்பில் ஏற்றிவிட்டு, அதுவே வளர்ச்சி என்று எண்ணுவோர் உளர். அயலவர் கலையைத் தொட்டாலே தம் தனித்தன்மை கெடும் என்று அஞ்சி ஒதுங்குவோரும் உளர். இவ்விரு சாராரும் எண்ணிப் பார்க்கத்தக்க விடையாக அமைந்தவை, அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் கதைப் போர்வைகள்.

அமெரிக்கர் 'குவில்ட்' என்று வழங்கும் ஒட்டுத் துணிப் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. பலநிறத் துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, குளிரைத் தடுக்கும் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தையல் ஓடும். பழைய ஆடைகளும் மீந்த துணிகளும் இப்போர்வையில் மறுவாழ்வு பெற்றன. நெடுங்காலம் இது வீட்டுப் பெண்டிரின் கைவேலையாகவே கருதப்பட்டது. கலை என்னும் பெயர் அதற்கு எளிதில் கிடைக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. கட்டிலில் விரித்தவற்றின் வண்ண அமைப்பையும் வடிவ ஒழுங்கையும் மக்கள் புதிய கண்கொண்டு நோக்கலாயினர்.

ரிங்கோல்டு 1930இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார், 2024இல் மறைந்தார். 1955 முதல் 1973 வரை நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். அவருடைய தாயார் வில்லி போசி ஆடை வடிவமைப்பிலும் தையலிலும் தேர்ந்தவர். குடும்பத்தின் மூத்த தலைமுறைப் பெண்ணொருவர் அடிமையாக வாழ்ந்த காலத்திலேயே போர்வை தைத்தவர். ஆயினும் ரிங்கோல்டு கல்லூரியில் கற்றது ஐரோப்பிய ஓவிய மரபையே. வீட்டில் ஊசியும் நூலும் இருந்தன. பாடத்தில் தூரிகையும் எண்ணெய் வண்ணமும் இருந்தன. இரண்டையும் இணைக்கும் வழி அன்று அவருக்குப் புலப்படவில்லை.

அவ்வழியைக் காட்டியது பயணமே. 1961இல் தாயாரோடும் தம் இரு பெண்மக்களோடும் அவர் ஐரோப்பா சென்று, பாரிசின் லூவர் முதலிய அருங்காட்சியகங்களைக் கண்டார். நூல்களில் மட்டுமே கண்டிருந்த ஓவியங்களை நேரில் பார்த்தார். ஆனால் அவர்தம் கலையின் போக்கை மாற்றியது மற்றொரு பயணம். 1972இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் திபெத்து, நேப்பாள நாடுகளின் 'தங்கா' ஓவியங்களைக் கண்டார். துணியில் தீட்டி, சுற்றிலும் பட்டுக் கரையிட்டு, சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க வகையில் அமைந்த பௌத்த ஓவியங்கள் அவை.

அங்கே அவர் கண்டது எது, கொண்டது எது என்று பிரித்தறிதல் வேண்டும். புத்தர்களையோ தேவர்களையோ அவர் தம் ஓவியத்தில் கொண்டுவந்து வைக்கவில்லை. துணிக் கரை என்னும் அமைப்பை மட்டுமே எடுத்துக்கொண்டார். கனத்த மரச்சட்டம் இல்லாமலும் ஓவியம் ஓவியமாக நிற்கும் என்று தெளிந்தார். கரை தைக்க யாரை அழைப்பது? தாயாரையே அழைத்தார். ஆசியாவின் மலைநாட்டுக் கலை ஐரோப்பிய நகரொன்றில் அவரைச் சந்தித்து, ஹார்லெமில் இருந்த தாயின் தையல் பெட்டிக்கே திருப்பி அனுப்பியது. அயற்கலை ஒருவருக்குச் செய்யக்கூடிய உதவி இதனினும் உயர்ந்ததாக இருத்தல் அரிது.

1980இல் தாயும் மகளும் இணைந்து 'ஹார்லெமின் எதிரொலிகள்' என்னும் போர்வையை உருவாக்கினர். அதுவே ரிங்கோல்டின் முதற்போர்வை. மறு ஆண்டில் தாயார் மறைந்தார். அக்காலத்தில் ரிங்கோல்டு தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். வெளியிடப் பதிப்பகத்தார் முன்வரவில்லை. அச்சு மறுத்ததைத் துணி ஏற்றது. 1983 முதல் அவர் போர்வைகளிலேயே கதைகளை எழுதலானார். 1988இல் தோன்றிய 'தார்க் கடற்கரை' அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. இன்று அது நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ளது. கோடை இரவில் தார் பூசிய மொட்டைமாடியில் படுத்திருக்கும் எட்டு வயதுச் சிறுமி காசி, நகரின் பாலத்துக்கு மேலே பறக்கிறாள். அந்தப் பாலத்தைக் கட்ட உழைத்த அவள் தந்தைக்குத் தொழிற்சங்கத்தில் இடமில்லை. சிறுமியோ சங்கக் கட்டடத்தின் மேல் பறந்து, அதைத் தந்தைக்கே உரியதாக்க விழைகிறாள். உறங்கும்போது போர்த்தும் பொருளில் ஒரு குழந்தையின் கனவைத் தைத்தது பொருளும் வடிவமும் ஒன்றிய அமைப்பாகும்.

1991இல் தொடங்கிய 'பிரெஞ்சுத் தொகுதி'யில் கலைஞர் மீண்டும் பாரிசுக்குச் செல்கிறார். இம்முறை தம் கற்பனைப் பாத்திரமான வில்லியா மாரியை அனுப்புகிறார். 1920களில் ஓவியராகும் ஆசையோடு அங்கே செல்லும் கறுப்பின இளம்பெண் அவள். 'லூவரில் நடனம்' என்னும் போர்வையில் மோனலிசாவின் முன்னே கறுப்பினச் சிறுமியர் ஆடுகின்றனர். பேரோவியத்தின் முன் மூச்சடக்கி நிற்கும் வழக்கத்தை அவர்களின் ஆட்டம் மெல்லக் கலைக்கிறது. வான்கோ வாழ்ந்த ஆர்ல் நகரைக் களமாகக் கொண்ட மற்றொன்றில், ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், ரோசா பார்க்ஸ் முதலிய வெவ்வேறு காலத்துப் பெண்கள் சூரியகாந்தித் தோட்டத்தில் கூடிப் போர்வை தைக்கின்றனர். வான்கோ மலர்ச்சாடியோடு ஓர் ஓரத்தில் நிற்கிறார். 1961இல் பார்வையாளராகச் சென்றவர், முப்பது ஆண்டுகளுக்குப்பின் தம் மக்களையே உடன் அழைத்துச் சென்று அந்த மாளிகையில் இடம் கேட்கிறார்.

இப்போர்வைகளில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. சிறிய எழுத்தில் நிறைந்த கதையைக் காட்சிக்கூடத்தில் நின்றபடி முழுவதும் படித்தல் எளிதன்று. 'பிரெஞ்சுத் தொகுதி'யில் புகழ்பெற்றோர் பலர் நெருங்கி நிற்பதால், அவர்களை அறியாதவர்க்குச் சில படங்கள் பெயர்ப்பட்டியலாகத் தோன்றலாம். அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊரில் பெண்கள் தைத்த போர்வைகளில் துணித்துண்டே கோடாகவும் நிறமாகவும் பேசுகிறது. ரிங்கோல்டின் போர்வைகளிலோ தூரிகையே முன்னிற்கிறது. தையல் பெரும்பாலும் கரையாகவே நின்றுவிடுகிறது. துணிக்கலை என்ற அளவில் நோக்கின் கீஸ் பெண்ட் பெண்களே ஒருபடி முன்னிற்கின்றனர் எனலாம்.

ஆயினும் ரிங்கோல்டின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அயலிடத்தில் பெற்றதைத் தம் வீட்டில் இருந்ததோடு சேர்த்துத் தைத்தவர் அவர். ஒட்டுப்போர்வையில் ஒவ்வொரு துண்டும் தான் வந்த ஆடையின் நிறத்தை இழப்பதில்லை. எனினும் முழுப்போர்வை தைத்தவருக்கே உரியதாகிறது. அவர்தம் பயணங்களும் படைப்புகளும் அத்தகையனவே. ஓவியமோ கட்டுரையோ கற்பிக்கும் ஆசிரியர், மாணவரிடம் 'நீ எங்கே சென்றாய், எதைக் கண்டாய்' என்று கேட்பதோடு நிறுத்தலாகாது. 'கண்டதைக் கொண்டுவந்து உன் வீட்டில் எதனோடு சேர்த்தாய்' என்றும் கேட்டல் வேண்டும். அதற்கு விடையளிக்கக் கூடிய மாணவரே பிறரைப் பார்த்து எழுதும் நிலையைக் கடந்தவராவர்.