இணையும் பங்கும்

‘ஷிர்க்’ என்னும் அரபுச் சொல்லுக்குத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் வழங்கும் சொல் ‘இணை வைத்தல்’ என்பது. மௌலானா ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது; பின்னர் வந்த மொழிபெயர்ப்புகள் பலவற்றிலும் இதுவே நிலைபெற்றுவிட்டது. மிம்பரில் நின்று உரையாற்றுவோரும், மக்தபில் அமர்ந்து பாடம் கேட்கும் சிறாரும் இதையே சொல்கின்றனர். வழக்கில் ஊறிவிட்ட சொல்லை யாரும் உரைகல்லில் இட்டுப் பார்ப்பதில்லை. அவ்வாறு ஒருமுறை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லை மாற்றிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அரபுச் சொல்லின் பொருளில் எப்பகுதி தமிழுக்குள் வந்தது, எப்பகுதி வாயிலிலேயே நின்றுவிட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். ஷிர்க் என்றதும் நம் மனம் சிலையை எண்ணுகிறது. அரபு மொழியில் இவ்விரண்டும் வெவ்வேறு சொற்குடும்பங்களைச் சேர்ந்தவை. வணங்கப்படும் பொருளுக்கு ஸனம், வஸன், நுஸுப் என்னும் பெயர்கள் உண்டு. மரத்தாலோ பொன்னாலோ வெள்ளியாலோ மனித உருவில் செய்யப்பட்டது ஸனம் என்றும், கல்லால் ஆயது வஸன் என்றும் ஹிஷாம் இப்னுல் கல்பீ பகுத்துரைக்கிறார். நட்டு நிறுத்தப்பட்ட கல் நுஸுப் எனப்படும். நம் பழைய காப்பியங்கள் இவற்றைப் பாரசீகம் வழியாக வந்த ‘புத்து’ என்னும் சொல்லால் குறிக்கும். இவையெல்லாம் பொருளின் பெயர்கள். ஷிர்க்கோ செயலின் பெயர். ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது கஃபாவைச் சுற்றி 360 நுஸுபுகள் நின்றன என்றும், அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் கையிலிருந்த கோலால் அவற்றைக் குத்தினார்கள் என்றும் ஸஹீஹுல் புகாரீ கூறுகிறது. கல்லைக் கோலால் வீழ்த்தலாம். செயலை வீழ்த்த அதன் வேரை அறிதல் வேண்டும்.

அந்த வேர் எங்கே உள்ளது? ஷீன், றே, காஃப் என்னும் மூன்று எழுத்துகளில் உள்ளது. இவ்வேரிலிருந்து பிறந்த சொற்கள் திருமறையில் வணக்க வழிபாட்டுக்கு அப்பாலும் வருகின்றன. சொத்துரிமை கூறும் அன்னிஸா அத்தியாயத்தில், தாய் ஒன்றாகித் தந்தை வேறான சகோதர சகோதரிகள் பலர் இருப்பின் அவர்கள் மூன்றில் ஒரு பாகத்துக்குப் பங்காளிகள் எனச் சொல்லுமிடத்தில் ‘ஷுரகாஉ’ என்னும் இச்சொல்லே நிற்கிறது (4:12). தாஹா அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள், தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் தம் பணியில் கூட்டாக்கித் தருமாறு இறைவனிடம் வேண்டுவதும் இவ்வேரிலிருந்து வந்த வினையாலேயே (20:32). ஃபிக்ஹு நூல்களில் கூட்டு வாணிபத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு ‘ஷிர்கத்’ என்பதே தலைப்பு. எனவே ஷிர்க் என்பது கடைவீதியும் பாகப்பிரிவினையும் அறிந்த சொல். அதன் அடிப்படைப் பொருள் பங்கு, கூட்டு என்பதாகும்.

தமிழில் ‘இணை’ என்பதன் முதன்மைப் பொருளோ வேறு. இணையடி, இணைவிழி என்னும்போது இரட்டையைக் குறிக்கிறது. இணையற்ற, ஈடும் இணையும் இல்லாத என்னும்போது ஒப்பைக் குறிக்கிறது. இணைத்தல் என்னும் வினைக்குச் சேர்த்தல் என்ற பொருளும் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘இறைவனுக்கு இணை’ என்றவுடன் கேட்போர் செவியில் முந்தி நிற்பது ஒப்பு என்னும் பொருளே. ஒருவருக்கு நிகராக மற்றொருவரை நிறுத்துதல் என்றுதான் நாம் விளங்கிக்கொள்கிறோம். அரபி பங்கைச் சொல்கிறது. தமிழ் ஒப்பைச் சொல்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. இதனை விளங்கிக்கொள்ள, யாரைக் கண்டிக்க இச்சொல் அருளப்பட்டதோ அந்த மக்களின் வழிபாட்டைச் சற்றே அறிய வேண்டும்.

அதற்கு உதவும் நூல் மேலே குறிப்பிட்ட இப்னுல் கல்பீயின் ‘கிதாபுல் அஸ்னாம்’. கூஃபாவைச் சேர்ந்த இவர் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். யாகூத் அல்ஹமவீ தம் புவியியல் அகராதியில் எடுத்தாண்ட பகுதிகளால் மட்டுமே நெடுங்காலம் அறியப்பட்டிருந்த இந்நூலை, 1914இல் அஹ்மத் ஜக்கீ பாஷா கெய்ரோவில் முழுமையாகப் பதிப்பித்தார். ஹதீஸ் கலை அறிஞர்கள் இப்னுல் கல்பீயை நம்பத்தக்க அறிவிப்பாளராக ஏற்பதில்லை. அவரைச் சட்டத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் பழைய அரபுகளின் பழக்கவழக்கங்களைச் சொல்வதில், திருமறையும் ஸஹீஹான ஹதீஸ்களும் துணைநிற்கும் இடங்களில், அவர் கூற்றுகள் நமக்கு விளக்கமாக அமைகின்றன.

அவர் தரும் முதற் செய்தியே நம்மைச் சிந்திக்க வைப்பது. மக்காவை விட்டுப் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றோர், புனித எல்லையிலிருந்து ஒரு கல்லை உடன் எடுத்துச் சென்றனராம். ஹரமின் மீது கொண்ட பற்றே அதற்குக் காரணம். தங்கும் இடத்தில் அக்கல்லை வைத்து, கஃபாவைச் சுற்றுவதுபோல் சுற்றிவந்தனர். நாளடைவில் கல் நிலைத்தது; அது ஏன் வந்தது என்பது மறந்தது. வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் என்று திருமறை பெயர் குறிப்பிடும் ஐவரைப் பற்றியும் (71:23) இதுபோன்ற செய்தியே உண்டு. அவர்கள் நல்லடியார்கள், அவர்கள் மறைந்தபின் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களில் நினைவுக் கற்கள் நடப்பட்டன, நட்டவர்கள் அவற்றை வணங்கவில்லை, அறிவு மங்கிய பின்வந்த தலைமுறையே வணங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாகப் புகாரீயில் காண்கிறோம். தொடக்கத்தில் இறைவனுக்கு நிகராக யாரையும் நிறுத்தும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. அன்பு இருந்தது, நினைவு இருந்தது, சிறிது சிறிதாகப் பங்கு பிரிந்தது.

பங்கு என்று நாம் சொல்வது உவமையாகவன்று. கவ்லான் கூட்டத்தார் தம் விளைச்சலையும் கால்நடைகளையும் அல்லாஹ்வுக்கென ஒரு பாகமாகவும், தம் தெய்வத்துக்கென ஒரு பாகமாகவும் பிரித்து வைத்தனர் என்கிறார் இப்னுல் கல்பீ. அல்லாஹ்வின் பாகத்திலிருந்து ஏதேனும் தெய்வத்தின் பாகத்தில் கலந்துவிட்டால் அப்படியே விட்டுவிடுவர். தெய்வத்தின் பாகத்திலிருந்து அல்லாஹ்வின் பாகத்தில் கலந்துவிட்டாலோ திரும்ப எடுத்துவிடுவர். அல்அன்ஆம் அத்தியாயம் (6:136) இப்பங்கீட்டையே எடுத்துக்காட்டி, இத்தீர்ப்பு எத்துணைக் கெட்டது என்று கண்டிக்கிறது. படைத்தவனுக்கு அவன் படைத்ததிலிருந்தே ஒரு பாகம் ஒதுக்கி, அதையும் குறைத்துக் கொடுத்த கணக்கு இது.

அவர் கூறும் மற்றொரு நிகழ்ச்சியும் இதற்குத் துணையாகும். ஜித்தாக் கடற்கரையில் ஸஅத் என்னும் நெடும்பாறை ஒன்று தெய்வமாக நின்றது. ஒருவர் தம் ஒட்டகங்களுக்கு அருள் வேண்டி அவற்றை அதனருகே ஓட்டிச் சென்றார். பாறையின்மேல் வடிந்திருந்த பலி இரத்தத்தைக் கண்டு ஒட்டகங்கள் மிரண்டு திசைக்கொன்றாகச் சிதறின. சினங்கொண்ட அவர் ஒரு கல்லை எடுத்துத் தெய்வத்தின் மீதே எறிந்தார். வாணிபக் கூட்டாளியிடம் நாம் எதை எதிர்பார்ப்போமோ அதையே அவர் பாறையிடம் எதிர்பார்த்தார் அன்றோ! இலாபம் வந்தவரை அது பங்காளி. நட்டம் வந்ததும் அது கல்.

இம்மக்கள் படைப்பாளன் யார் என்று அறியாதவர்களா? வானங்களையும் பூமியையும் படைத்தவன் யார் என்று கேட்டால் அல்லாஹ் என்றே விடையளிப்பர் எனத் திருமறை பல இடங்களில் சொல்கிறது (29:61, 31:25). தாம் வணங்குபவை தம்மை அல்லாஹ்விடம் நெருக்கமாக்கி வைக்கும் என்பதே அவர்கள் கூறிய சமாதானம் (39:3). ஹஜ்ஜின்போது அவர்கள் முழங்கிய தல்பியாவே இதற்குத் தெளிவான சான்று. உனக்குக் கூட்டாளி இல்லை என்று தொடங்குவர். அந்த அளவில் நிறுத்துங்கள், போதும் போதும் என்பார்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள். அவர்கள் நிறுத்துவதில்லை. ஒரேயொரு கூட்டாளியைத் தவிர, அவனும் அவனுக்குரியதும் உன் உடைமையே எனச் சேர்த்துக்கொள்வர். இதனை முஸ்லிம் நூலில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

இங்கேதான் நம் மொழிபெயர்ப்புச் சொல் சோதனைக்கு உள்ளாகிறது. அந்த மக்காவாசி தமிழறிந்தவராக இருந்து, ‘நீ இறைவனுக்கு இணை வைக்கிறாய்’ என்று நாம் குற்றம் சாட்டினால், அவர் என்ன விடை சொல்வார்? ‘நான் எங்கே இணை வைத்தேன்? என் தெய்வமும் அவன் உடைமை என்றுதானே சொல்கிறேன்? உடைமை உடையவனுக்கு இணையாகுமா?’ என்று கேட்டுவிட்டுப் போவார். ‘நீ பங்கு கொடுக்கிறாய்’ என்று சொன்னாலோ அவரால் மறுக்க இயலாது. விளைச்சலைப் பிரித்துவைத்த களத்துமேடே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஒப்பு என்னும் குற்றச்சாட்டிலிருந்து தப்புவது எளிது. பங்கு என்னும் குற்றச்சாட்டிலிருந்து தப்புவது அரிது.

அப்படியாயின் நம் முன்னோர் தவறான சொல்லைத் தேர்ந்தனரா? இல்லை. இறைவனுக்கு ஒப்பில்லை என்னும் கருத்தைத் திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே தமிழ் கேட்டிருக்கிறது. அச்செவிக்கு இணை என்னும் சொல் உடனே விளங்கக்கூடியது. மேலும், ஒப்பை மறுப்பதும் திருமறையின் மொழியே. நிகரானவர்களை ஏற்படுத்தாதீர்கள் என்று அல்பகரா அத்தியாயம் கூறுகிறது (2:22). அவனுக்கு நிகராக எவரும் இல்லை என்று அல்இக்லாஸ் அத்தியாயம் முடிகிறது (112:4). இவற்றினும் சிறப்பாக நோக்கத்தக்கது அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் ஓரிடம். நரகில் வீழ்ந்தோர் தாம் வணங்கியவற்றை நோக்கி, உங்களை அகிலத்தாரின் இறைவனுக்குச் சமமாக்கிவிட்டோமே என்று வருந்துவர் (26:98). உலகில் வாழ்ந்தபோது சிறு பங்குதான் என்று எண்ணியவர்களே, இறுதியில் அது சமமாக்கலாக முடிந்ததைக் காண்கின்றனர்.

சிறு பங்கு எவ்வாறு சமமாகும் என்று கேட்கலாம். நம் குடும்பங்கள் நன்கறிந்த பாகம் பிரியாத சொத்தை எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு உடையவருக்கும் அவ்வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் உரிமை உண்டு. இந்த மூலை மட்டும் உனது என்று அவரை ஒதுக்க முடியாது. கூட்டு வாணிபத்தில், இருவர் போடும் முதலும் இன்னாருடையது எனப் பிரித்தறிய முடியாதவாறு கலந்தாக வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிபந்தனை. கலந்தபின் ஒவ்வொரு காசும் இருவருடையது. உள்ளத்தில் கொடுக்கப்படும் பங்கும் அத்தகையதே. மூலையில் கொடுத்தோம் என்று நாம் நினைக்கிறோம். அது வீடு முழுவதும் பரவிவிடுகிறது. ஆகவே ஷிர்க்கின் தொடக்கம் பங்கு, முடிவு இணை. அரபுச் சொல் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. தமிழ்ச் சொல் முடிவைக் காட்டி அச்சுறுத்துகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே பொருள் முழுமையாகும்.

பங்கு என்னும் பொருளை மறந்ததால் விளைந்த இழப்பு ஒன்று உண்டு. ஷிர்க் என்பது எப்போதும் அடுத்தவர் வீட்டுக் குற்றமாகவே நமக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. நம் வீட்டில் சிலை இல்லை; நாம் யாரையும் இறைவனுக்கு நிகர் என்று சொல்வதில்லை; ஆகவே நாம் தூயவர் என்று அமைதி கொள்கிறோம். பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று திருமறை தடுத்திருந்தும் (6:108), அச்சொல்லைப் பிறர்மீது எறியும் கல்லாகவே சிலர் வைத்திருக்கின்றனர். அண்ணலார் (ஸல்) அவர்களோ தம்மைப் பின்பற்றியோருக்காக மிக அஞ்சுவது சிறிய ஷிர்க்கை என்றும், அது முகத்துதிக்காகச் செய்யப்படும் நற்செயல் என்றும் கூறியதாக இமாம் அஹ்மதின் முஸ்னத் அறிவிக்கிறது. முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸீ ஒன்றோ முழுக்க முழுக்கக் கூட்டு வாணிப மொழியிலேயே பேசுகிறது: கூட்டாளிகள் அனைவரிலும் கூட்டுத் தேவையற்றவன் இறைவன், எவரேனும் ஒரு செயலில் அவனோடு பிறரையும் கூட்டுச் சேர்த்தால், அவரையும் அக்கூட்டையும் அவன் விட்டுவிடுகிறான். தன் பங்கைப் பெற்றுக்கொண்டு மீதியை அவன் விட்டுவிடுவதில்லை. முழுவதையுமே விட்டுவிடுகிறான்.

இப்பொருளில் நோக்கினால் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. ஊரார் காண வேண்டும் என்று கொடுத்த ஜகாத்தில் ஊராருக்குப் பங்கு எவ்வளவு? முன்வரிசையில் நின்று நீட்டிய தொழுகையில் பின்வரிசையில் நிற்போருக்குப் பங்கு எவ்வளவு? புயலில் கப்பல் தத்தளிக்கும்போது அல்லாஹ் ஒருவனையே அழைத்து, கரை சேர்ந்ததும் பங்காளிகளைத் தேடியவர்களைத் திருமறை எடுத்துக்காட்டுகிறது (29:65). நோயிலும் கடனிலும் நாம் செய்யும் துஆவுக்கும், அவை நீங்கியபின் நாம் வாழும் வாழ்வுக்கும் இடையே உள்ள தொலைவை அவரவர் அளந்துகொள்ளலாம்.

தமிழுக்கு இங்கு ஒரு சிறப்பும் வாய்த்திருக்கிறது. பங்காளி என்னும் நம் சொல்லில் உறவும் உண்டு, பூசலும் உண்டு. பங்காளிச் சண்டை என்பது நம் ஊர்கள் அறிந்தது. தமக்குள் பிணங்கும் பல பங்காளிகளுக்கு உரிமையான ஓர் அடிமையையும், ஒரே எசமானுக்கு உரியவனையும் எடுத்துக்காட்டி, இருவரும் சமமாவரா என்று அஸ்ஸுமர் அத்தியாயம் கேட்கிறது (39:29). ஷிர்க்கைப் பற்றி இதனினும் இரக்கம் நிறைந்த விளக்கம் இல்லை. பல பேருக்குப் பங்கு கொடுத்தவன் முதலில் வதைப்பது தன்னையே. ஒருவன் எழு என்கிறான். மற்றவன் அமர் என்கிறான். அவனுக்கு ஓய்வே இல்லை.

எனவே மக்தபுகளில் பாடம் நடத்துவோர்க்கு நம் வேண்டுகோள் இது. ‘இணை வைத்தல்’ என்னும் சொல்லை அப்படியே கற்பியுங்கள்; அது முன்னோர் தந்த நல்ல சொல். ஆனால் அதனைக் கற்பிக்கும் நாளிலேயே அன்னிஸா அத்தியாயத்தின் பாகப்பிரிவினையையும், களத்துமேட்டில் பிரித்த பங்கையும், பங்காளிகளுக்கு நடுவே நின்ற அடிமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிலையைக் கண்டு ஒதுங்க ஐந்து வயதுக் குழந்தைக்கும் கற்பித்துவிடலாம். தன் செயலில் யாருக்குப் பங்கு போகிறது என்று பார்க்கக் கற்பதற்கு ஓர் ஆயுள் வேண்டும். அந்தப் படிப்பை மக்தபின் முதல் வகுப்பிலேயே தொடங்கி வைப்பது நம் கடமை.