பூஜ்யம் என்றால் எது பூஜ்யம்?

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றிப் பேசும்போது ‘பூஜ்யத் திரவ வெளியேற்றம்’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. ஆலையிலிருந்து ஒரு சொட்டு நீரும் பாலாற்றுக்குப் போகாது என்பது அதன் பொருள். நோக்கம் நல்லதே. ஆனால் இதைப் ‘பூஜ்யக் கழிவு’ என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். இது பிழை.

பச்சைத் தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் சுமார் 30 முதல் 40 சதவீத அளவுக்கு உப்பைத் தடவி வைக்கிறார்கள். ஆலையில் தோலை ஊறவைத்ததும் இந்த உப்பில் பெரும்பகுதி நீரில் கரைந்துவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் புரதத்தையும் கொழுப்பையும் பாக்டீரியாக்கள் சிதைத்துவிடும். குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைக்கலாம். சோடியமும் குளோரைடும் இவை எதற்கும் மசிவதில்லை! நீதிமன்றங்கள் கண்டித்த பிறகும், ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பிறகும், லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைபொருள் என்ற வரம்பைப் பழைய முறை நிலையங்களால் எட்டமுடியாமற் போனது இதனால்தான்.

ஆகவே எதிர்ச்சவ்வூடு பரவல் வந்தது. அழுத்தத்தால் நீரைச் சவ்வின் வழியே தள்ளினால் ஒருபுறம் நல்ல நீரும் மறுபுறம் செறிந்த உப்புநீரும் கிடைக்கும். உப்பு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அந்த உப்புநீரை அடுத்துக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். 30 பாகை நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் கிலோவுக்குச் சுமார் 290 கிலோஜூல் போதும். ஆவியாக்கவோ மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். உள்ளுறை வெப்பத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிப்பவர்கள் இந்தக் கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்கலாம். இத்தனை எரிபொருளைச் செலவிட்டபின் எஞ்சுவது சல்பேட்டும் பிற அசுத்தங்களும் கலந்த உப்பு. எளிதில் விலைபோகாத இதை மழைபடாமல் மூடிக் காக்கவேண்டும்; நனைந்தால் மறுபடியும் கரைசல்தான்.

தேக்கிவைப்பது சிறிய காரியமன்று. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்ததில், பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர்.

நீர் மறுபடி பயன்படுவது உண்மையான ஆதாயம்; அதை மறுக்கவில்லை. ஆனால் ஊறப்போடுமுன் தோலை உருளையிலிட்டு உதறினால் உப்பில் ஒரு பகுதி கரையாமல் உதிர்ந்துவிடும். இதற்குச் சவ்வும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். முதலில் வற்புறுத்த வேண்டிய இந்த எளிய வேலை கடைசியில் பேசப்படுகிறது. நிலையத்தைப் பார்க்கப் போகும் மாணவர்களுக்கும் தெளிந்த நீர் விழும் குழாயைத்தான் காட்டுகிறார்கள். உப்பு மூட்டைகள் இருக்கும் கொட்டகையையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.