போலச் செய்தலும் சமூக விதிகளும்: மலையக முன்பள்ளிகளில் வேடப்புனைவு பற்றிய ஒரு நோக்கு

நாடகத்தின் தோற்றம் பற்றிப் பேசும் ஆய்வாளர் பலரும் 'போலச் செய்தல்' என்னும் மனித இயல்பிலிருந்தே தொடங்குவர். வேட்டையையும் விதைப்பையும் போலச் செய்த ஆதிச் சமூகத்தின் சடங்குகள் பற்றி நம்மிடையே நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆயின், நான்கு வயதுக் குழந்தை தாயின் பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு வேறொருவராக மாறும் செயல் நமது விமர்சனத்தில் இடம்பெறுவது அரிது. அதனை ஓர் அழகியற் பிரச்சினையாகவும் அதன்வழியே ஒரு வர்க்கப் பிரச்சினையாகவும் இங்கு நோக்க முற்படுகிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் களம் ஹுன்னஸ்கிரியவும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுமாகும்.

குழந்தை விளையாட்டு நமது இலக்கியத்துக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிவரும் முக்காற் சிறுதேரின் வழியை, உலரும் உணவைக் கவரவந்த கோழிமீது மகளிர் எறிந்த கனத்த காதணி மறிப்பதாகப் பட்டினப்பாலை கூறும். நகரின் வணிகச் செல்வத்தை அளக்கப் புலவர் கையாண்ட அளவுகோல் ஒரு விளையாட்டுப் பொருளே. பிற்காலப் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டுக்களைப் பருவங்களாகவே வகுத்தது. அங்கு விளையாடும் பிள்ளையோ தெய்வம் அல்லது பெருமக்களுள் ஒருவர். உழைப்பவரின் பிள்ளை எதை விளையாடிற்று என்னும் வினாவுக்கு அவ்விலக்கியங்களில் விடை தேடுவது வீண்.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் தெல்தெனியவையும் மெதமகாநுவரவையும் கடந்து, நக்கிள்ஸ் மலைச்சரிவில் அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டது மெதமகாநுவரவை அண்டிய பகுதியிலேயாகும். அதன்பின் மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1867இல் லூல்கந்துரவில் வர்த்தகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, கோப்பி நோயுற்று அழிந்தபின் அதன் இடத்தைப் பற்றியது. கொழுந்தெடுத்தல் பெரிதும் பெண்களின் உழைப்பாகையால், தாயின் இரு கைகளையும் மலைக்கு விடுவிக்கும் ஏற்பாடாகவே 'பிள்ளைக் காம்பரா' தோட்டங்களில் அமைந்தது. பிள்ளை அழாமல், விழாமல், பிற்பகலில் உறங்கவேண்டும் என்பதே அங்கு ஆயம்மாவிடம் எதிர்பார்க்கப்பட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, முன்பள்ளிக் கல்வியும் அவற்றோடு இணைந்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் விளையாட்டைக் கணக்கில் வராத நேரமாகக் கருதும் பழைய நோக்கு முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுதற்கில்லை.

முன்பள்ளிகளில் வேடப்புனைவுக்கு உரிய இடம் ஆண்டிறுதிக் கலைவிழா. சரிகைக் கிரீடம் தரித்த அரசன், இறகு கட்டிய தேவதை, முகமூடியணிந்த சிங்கம் ஆகியோர் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு அசைந்து இறங்குவர். கதை ஆசிரியருடையது, அசைவு பயிற்றியவருடையது, உடையின் செலவு நாட்சம்பளம் பெறும் தாயினுடையது. உடைக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளை அரசனாவது எளிதன்று. மரமாகவோ மலராகவோ ஓரத்தில் நிற்பதே அதற்கு வாய்க்கும். வேடம் எதுவாயினும், மேடையில் வகிபாகங்களைப் பங்கிடுவது மேடைக்கு வெளியேயுள்ள பொருளாதாரமேயாகும்.

இதற்கு மறுதலையானது லயத்து வாசலில் பிள்ளைகள் தாமே நிகழ்த்தும் ஆட்டம். சாக்குத் துண்டு படங்காகிறது. ஓட்டைப் பெட்டி கொழுந்துக் கூடையாகிறது. குச்சியொன்று கணக்கப்பிள்ளையின் பேனையாகிறது. ஒரு பிள்ளை நிறுக்க, மற்றவை வரிசையில் நிற்கும். இதனை வெறும் நகல் எனக் கொள்வது தவறு. சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி, விளையாட்டைப் பற்றி 1933இல் ஆற்றிய விரிவுரையில், இரு சகோதரியர் 'சகோதரியராக' விளையாடும் உதாரணத்தை எடுத்துக்காட்டுவார். வாழ்வில் கவனிக்கப்படாது கழிவது விளையாட்டில் நடத்தை விதியாகிறது என்பது அவரது முடிபு. கொழுந்தெடுப்பவளின் மகள் கொழுந்தெடுப்பவளாக விளையாடுவதும் இத்தகையதே. ஈரத்துக்கும் கூடைக்குமென நிறையிற் கழிப்பதைத் தாய் வாழ்வாக அனுபவிக்கிறாள். மகளோ விளையாட்டில் அதனை ஒரு விதியாக, யாரோ ஒருவர் வகுத்து யாரோ ஒருவர்மீது பிரயோகிக்கும் விதியாக, முதன்முறை எதிர்கொள்கிறாள். விதி என்று தெரிந்த ஒன்றை மாற்றியும் விளையாடலாம். குச்சிப் பேனை கைமாறும்போது கணக்கும் மாறுகிறது.

முன்பள்ளிகளில் நன்கு பரிச்சயமான சிங்கமும் முயலும் கதையை இவ்வொளியில் நோக்கலாம். நாளுக்கு ஒரு விலங்கு எனச் சிங்கம் விதித்த முறை, ஒருநாள் முயல் பிந்தி வருகிறது, சிங்கம் சினக்கிறது, கிணற்று நீரில் தன் நிழலைப் பகைவனென்று எண்ணிப் பாய்ந்து மடிகிறது. பஞ்சதந்திரத்தில் அரசகுமாரர்க்கு நீதி புகட்டிய இக்கதை, நாளாந்த நிறையளவும் பிந்தி வந்தோரைத் திருப்பியனுப்பும் பெரட்டுக்களமும் அறிந்த பிள்ளைகளிடம் வேறு பொருள் பெறக்கூடியது. முயல் ஏன் பிந்தியது, சிங்கம் என்ன சொல்லி ஏசும் என்று பிள்ளைகளிடமே கேட்டு, விடைகளைக் கொண்டு நாடகம் கட்டினால், நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்பது புலனாகும். கலைவிழாவில் நாம் காண்பதோ முகமூடியின் அழகை மாத்திரமே.

1918இல் உள்நாட்டுப் போர்க்காலத்து ஒரியோல் நகரில் அநாதைச் சிறுவருடன் நாடகப் பணியாற்றிய ஆஸ்யா லாஸிஸின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு, வால்ற்றர் பெஞ்சமின் பாட்டாளிவர்க்கச் சிறுவர் அரங்குக்கான திட்டமொன்றை எழுதினார். அரங்கேற்றத்திலும் பார்க்க அதற்கு முந்திய கூட்டுப்பணியே முதன்மையானது என்பது அதன் சாரம். மலையகத்தில் இதற்கு அந்நியச் சரக்கைத் தேடவேண்டியதில்லை. மாசி மாதத்தில் காமன் ஊன்றி ரதி, மன்மதன் ஆட்டமாடி, இறுதியிற் காமனை எரிக்கும் காமன் கூத்து, தொழிலாளர் தாமே பேணிவந்த அரங்கு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் நடத்திய கூத்து மீட்பு பெருஞ்சாதனை. எனினும் 'கர்ணன் போர்' தொட்டு 'இராவணேசன்' வரை அதன் பிரதான ஆதாரம் மட்டக்களப்பு மரபாகவே அமைந்தது. பேராதனையைச் சூழ்ந்த மலைகளின் கூத்து அத்தகைய கவனத்தைப் பெறவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. வாடகை உடைக்குப் பதில் ஒரு பெட்டி பழந்துணி. பாட்டுப் பதிவுக்குப் பதில் தோட்டத்துத் தப்புக்காரர் ஒருவர். உறக்க நேரத்தைப் போன்றே உறுதிசெய்யப்பட்ட விளையாட்டு நேரம். அதனை நடத்தும் ஆசிரியைக்கு, பிள்ளை பார்ப்பவளுக்குரிய கூலியன்றிக் கல்வியாளருக்குரிய ஊதியமும் பயிற்சியும். இவற்றுள் இறுதியானது கிடைக்காவிடின் ஏனையவை நிலைக்கமாட்டா. தாயின் கைகளை மலைக்கு அனுப்புவதற்காக ஏற்பட்ட அறையில், பிள்ளை தன் உலகின் விதிகளை எடுத்துப் புரட்டிப்பார்க்க இடமுண்டா என்பதே இங்கு தீர்க்கப்படவேண்டிய வினாவாகும்.