தொப்பிப் பக்கம் காதை வையுங்கள்

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பாட, பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த பழைய ஒலிப்பதிவு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கம் மட்டும் தனியே ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு கீர்த்தனை போதும். முதல் முறை பாட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியை மட்டும். வலது பக்கமான வலந்தலையின் ‘நம்’, ‘தின்’, சாப்பு எல்லாம் கணீரென்று தாமாகவே வந்து காதில் விழும். தொப்பியை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

வலந்தலையின் நடுவே இருக்கும் கரும்பூச்சு நிலையானது. அந்தப் பக்கம் பாடுகிறவரின் சுருதியோடு சேர்ந்து நிற்கும். தொப்பியில் அப்படி நிலையாக எதுவும் கிடையாது. கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஈர ரவையின் கனம்தான் தொப்பிக்கு ஆழ்ந்த குரலைத் தருகிறது. தட்டிய கையைத் தோலில் அழுத்தி நகர்த்தினால் ஒலி குழைந்து மேலேறும். கும்கி என்பார்கள். பாடகரின் கமகத்துக்கு மிருதங்கம் பதில் சொல்கிறதென்றால், பெரும்பாலும் இந்தக் கும்கியில்தான் சொல்லும்.

தொப்பிக்காகவே கேட்க வேண்டிய இன்னொருவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கைக்காரர். வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் உட்காருவார். வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். இவர் அங்கே உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்பக்கம் திரும்பிவிடும். ஆகவே இடப்புறத்தை இவருக்கு விட்டு வயலின் வித்வான் இடம் மாற வேண்டும். அதற்கு எல்லாரும் இணங்கவில்லை. தொடக்கத்தில் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. இடம் மாற்றி உட்காரவைத்து, தம் கச்சேரிகளில் அவரை வாசிக்கச் செய்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். செம்பைக்கு நாம் பட்டிருக்கும் கடன்களில் இதைப் பெரியதென்று நினைக்கிறேன்.

மணி ஐயரையும் சிறு வயதிலேயே மேடையேற்றி ஊரறியச் செய்தவர் செம்பைதான். 1912இல் கேரளத்துப் பழயன்னூரில் பிறந்த மணி ஐயர், சாத்தபுரம் சுப்பையரிடம் தொடங்கி, பெயர் வாங்கிய பிறகும் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் போய்ச் சேர்ந்து கற்றார்.   1966இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. மிருதங்க வித்வான் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

மணி ஐயர் பாட்டுக்காக வாசித்தவர். சங்கதி எங்கே திரும்புகிறது, சாகித்யத்தில் சொல் எங்கே நிற்கிறது என்பதை அறிந்து கை போகும். அதனால் மூன்றாம் முறை கேட்கும்போது, அவர் எங்கெல்லாம் வாசிக்காமல் இருக்கிறார் என்று பாருங்கள். அந்த இடைவெளியில் பாட்டு தனியே மிதக்கும். பிறகு தொப்பியில் ஒரே ஒரு தட்டு வந்து அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு கட்டத்தில் மைக் வைத்த கச்சேரிகளில் வாசிப்பதில்லை என்றே முடிவு செய்தார். இப்படிக் கேட்டுப் பழகிய பிறகுதான் அந்தப் பிடிவாதம் எனக்கு விளங்கியது.

அந்த நாதத்தில் இன்னொருவர் கையும் இருக்கிறது. மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. தோல் எவ்வளவு கனம், பூச்சு எப்படி என்று இருவரும் சேர்ந்து ஓயாமல் சோதித்துப் பார்த்தவர்கள். பர்லாந்தின் குடும்பத்தைப் போன்ற கைவினைஞர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படித்தபின் கச்சேரி கேட்பதே மாறிவிடுகிறது.

இனி தனி ஆவர்த்தனத்துக்கு வரலாம். தொடையில் ஆதி தாளம் போடுங்கள்: தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் நாலு மாத்திரை என்றால் முப்பத்திரண்டு. வாயில் ‘ததிங்கிணதொம்’ என்று சொல்லுங்கள், அது ஐந்து. மூன்று முறை சொன்னால் பதினைந்து. ஐந்தாம் எண்ணிக்கையான தட்டு விழுந்து ஒரு மாத்திரை கழித்துத் தொடங்கினால், மூன்றாவது ‘தொம்’ முடிந்த உடனே தாளத்தின் தொடக்கமான சமம் வந்து நிற்கும். நாலைந்து முறை தவறும். பிறகு சரியாக விழும். தனியை முடிக்கும் கோர்வைகள் எவ்வளவு நீளமானாலும், மூன்று முறை சொல்லி இடத்தில் சேரும் இந்தச் சந்தோஷம்தான் அடியில் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பல்லவியும் சமத்தில் எடுக்காது. சில அரை இடம் தள்ளி, சில ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும். கடைசிக் கோர்வை அந்த எடுப்பில் போய் முடிய வேண்டும். அங்கே கை தட்டிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். பாடகர் பல்லவியைத் திரும்ப எடுத்ததும், அவ்வளவு நேரம் முழங்கிய கை எப்படித் தணிந்து மறுபடி பாட்டுக்குள் போகிறது, தொப்பி என்ன சொல்லிக்கொண்டு போகிறது என்று கேளுங்கள்.