நிலக்கல்லைப் பற்றி எழுதுவோர்க்கு

நிலக்கல்லைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கி.பி. 52-இல் தொடங்குகின்றனர். புனித தோமையார் நிறுவியதாக மரபு கூறும் ஏழு திருச்சபைகளுள் சாயல் எனப்படும் நிலக்கல்லும் ஒன்று. அதைச் சொல்லி முடித்ததும், ஒரே தாவலில் 1984-இல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய ஆலயத்திற்கு வந்துவிடுகின்றனர். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அங்கே உழைத்து, செபித்து, மண்ணுக்குள் போனவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. இவ்வகைக் கட்டுரைகளின் பெருங்குறை இதுவே என்போம்.

போடியிலிருந்து ஏலமலை ஏறி இறங்கும் நம் மக்களுக்கு அவ்வூரை எண்ணிப் பார்ப்பது அரிதன்று. நம் மலைகளுக்குத் தெற்கே, சபரிமலைக் காடுகளை ஒட்டி, இன்றைய பத்தனம்திட்டை மாவட்டத்தில் உள்ளது அது. பாண்டிநாட்டிற்கும் மேலைக் கடற்கரைக்கும் இடையே மலைச்சரக்கு சென்ற வழியில் இருந்த வணிக ஊர் என்பர். கொள்ளையருக்கு அஞ்சி மக்கள் காஞ்சிரப்பள்ளி, கடம்பநாடு முதலிய ஊர்களுக்கு இறங்கினர். பின்னர் காடு மூடியது. 1964 புயலுக்குப்பின் தனுஷ்கோடியில் நிற்கும் ஆலயச் சுவர்களைப்போல் படம்பிடிக்க ஏதும் இங்கே இல்லை. ஆகவேதான் எழுத்தாளர் பேனா திருத்தூதரிடமே தங்கிவிடுகிறது போலும்!

அவ்வூரார் கத்தோலிக்கரா, ஆர்த்தடாக்ஸ் சபையினரா என்று வழக்காடும் கட்டுரைகளும் உண்டு. வீண் வழக்கு. கேரளத்துச் சுரியானியரை இரு கூறாக்கிய பிளவு 1653-ஆம் ஆண்டுக் கூனன் சிலுவைச் சபதத்தை ஒட்டி எழுந்தது. இடைக்கால நிலக்கல் மக்கள் பிளவுபடாத ஒரே சமூகத்தினர். இன்றைய பெயர்ப்பலகையை அவர்கள் கல்லறைமேல் நடுவது முறையன்று.

1983-இல் மகாதேவர் கோவிலருகே பழைய கற்சிலுவை ஒன்று கிடைத்ததாகச் செய்தி பரவிப் பூசல் மூண்டது. பேச்சுவார்த்தைக்குப்பின், கோவிலைவிட்டு விலகிய வேறிடத்தில் பல சபைகள் கூடிப் பொது ஆலயம் எழுப்பின. அவ்விலகலைத் தோல்வியாகச் சித்தரிப்போருடன் நாம் உடன்படோம். எவருக்கும் தனியுரிமையாகாத பழைய ஊருக்கு, எச்சபைக்கும் தனிச்சொத்தாகாத ஆலயமே பொருத்தமான நினைவுச்சின்னம். அயலார் வழிபாட்டிடத்தின்மேல் உரிமை கொண்டாடி எழுப்பியிருந்தால் அது இதற்கு ஈடாகுமா?

தம் முன்னோர் நிலக்கல்லிலிருந்து வந்தவர் என்று சொல்லும் குடும்பங்கள் காஞ்சிரப்பள்ளிப் பக்கம் இன்றும் உள்ளன. இனி எழுதுவோர் அவர்கள் வீட்டுத் திண்ணையில் சற்றே அமர்ந்து, மலையிறங்கிய கதையைக் கேட்டு எழுதட்டும்.